பரணியும் பிணக்கூறாய்வும்: படை அதிகாரிக்குப் போர் வரலாறு எதற்கு?

1. செய்து பார்க்காத தொழில்

அறுவை மருத்துவர் வாரந்தோறும் கத்தியை எடுக்கிறார். வழக்கறிஞர் நாள்தோறும் நீதிமன்றப் படி ஏறுகிறார். பிழை நேர்ந்தால் அடுத்த வாரமே திருத்திக்கொள்ளலாம். ராணுவ அதிகாரிக்கு அந்த வசதி இல்லை. இருபத்திரண்டு வயதில் லெப்டினன்டாகச் சேர்ந்து ஐம்பத்து நான்கில் ஓய்வு பெறுகிறவர், தான் பழகிய தொழிலை ஒருமுறைகூட முழுமையாகச் செய்து பார்க்காமலே வீடு திரும்பலாம். அப்படித் திரும்பினால் நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஒரு முறை வந்துவிட்டால், முதல் தடவையே சரியாகச் செய்தாக வேண்டும். செய்யத் தவறினால் விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவருக்குக் கீழே இருப்பவர்கள்.

இந்தச் சிக்கலை 1961-இல் லண்டனில் ஆற்றிய உரை ஒன்றில் மைக்கேல் ஹோவர்ட் தெளிவாக எடுத்து வைத்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் சண்டையிட்டுப் பதக்கம் பெற்ற பிறகு வரலாற்றுப் பேராசிரியர் ஆனவர் அவர். போர் வரலாற்றை அகலமாகவும் ஆழமாகவும் அதன் சூழலோடும் படிக்க வேண்டும் என்பது அவருடைய மூன்று நிபந்தனைகள். அறுபது ஆண்டுகளாக உலகின் படைக் கல்லூரிகள் இந்த மூன்றையும் மந்திரம்போல் ஒப்பித்து வருகின்றன. ஒப்பிப்பது எளிது.

இந்தியாவில் முழு அளவிலான போர் கடைசியாக நடந்தது 1971-இல். அன்று கடைநிலை அதிகாரியாக இருந்தவர்கூட ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கிளர்ச்சி ஒடுக்கலும் எல்லை மோதல்களும் கார்கிலும் தந்த அனுபவம் மெய்யானது. ஆனால் ஒரு படையணியை முழுப் போரில் நடத்திச் செல்லும் அனுபவம் இன்று சீருடையில் இருக்கும் எவரிடமும் இல்லை. அது காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தக் காகிதம் எத்தகையது, யார் கையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தோல்வியை அறுத்துப் பார்க்கும் வரலாறு மட்டுமே அதிகாரிக்குப் பயன்படும் என்பதும், ஆவணங்கள் பூட்டிக் கிடக்கும் இடத்தில் அந்த அறுவை நடக்காது என்பதும் என் வாதம்.

2. பரணி பாடும் மரபு

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது நம் இலக்கணம். கருணாகரத் தொண்டைமானின் கலிங்கப் படையெடுப்பு செயங்கொண்டாருக்குப் பரணி ஆனது. அதில் சோழர் படைக்கு அரிசி எப்படி வந்தது, எந்த ஆற்றில் எத்தனை நாள் தேங்கி நின்றது என்றெல்லாம் தேடுவது வீண். அதற்காக எழுதப்பட்ட நூலும் அன்று அது.

ஒவ்வொரு ரெஜிமென்டும் தன் பரணியைத் தானே வைத்திருக்கிறது. கொடியில் பொறித்த போர்ப் பெயர்கள், உணவகச் சுவரில் தொங்கும் ஓவியங்கள், ரெஜிமென்ட் நாளன்று வாசிக்கும் வீரக்கதை எல்லாம் அந்த வகைதான். இதைக் கேலி செய்ய மாட்டேன். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்த பையனை இருட்டில் ஒரு மலைமேல் ஏறச் சொல்லும்போது, அவன் தாத்தா காலத்துச் சிப்பாய்கள் இதைவிடக் கொடிய மலையை ஏறினார்கள் என்ற கதை அவன் கால்களுக்கு வலு தருகிறது. ஆனால் அந்த மலையில் ஏறத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யும் பிரிகேடியருக்கு அதே கதை போதாது. சில வேளைகளில் அது அவரைக் கெடுக்கவும் செய்யும்.

பரணி எப்படிப் பொய் சொல்லும் என்பதற்குக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியும் பல்லவ மகேந்திரவர்மனும் மோதினார்கள். மகேந்திரவர்மன் புல்லலூரில் பகைவரை அழித்தான் என்கிறது பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடு. பகைவர் யார் என்று சொல்லாமல் நழுவுகிறது. புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டோ, பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்கிறது. இரண்டும் அரசவைப் புலவர்கள் எழுதியவை. ஒன்றை மட்டும் வாசிக்கும் அதிகாரி ஒரு தரப்பின் விளம்பரத்தைத்தான் வாசிக்கிறார்.

3. புல்லலூர், 1780: ஓர் ஆற்றங்கரை இரவு

அதே புல்லலூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து நடந்த இன்னொரு சண்டையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஆழமாகப் படிப்பது என்றால் என்ன என்பதை அது காட்டும்.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையோடு மலைக் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். சென்னையில் இருந்த கம்பெனிப் படைக்குத் தலைவர் ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்ஸாரில் வென்றவர். (சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு, அவர் அந்த ஆண்டுதான் கேடட்டாகக் கப்பலில் வந்து இறங்கியிருந்தார்.) குண்டூரில் இருந்த கர்னல் வில்லியம் பெய்லி, ஏறக்குறைய 2,800 பேரோடு தெற்கே வந்து மன்றோவோடு சேர வேண்டும். சேரும் இடமாகச் சென்னையை வைக்காமல் காஞ்சிபுரத்தை வைத்தார் மன்றோ. எதிரி ஏற்கெனவே நடமாடும் பகுதியில் இரண்டு படைகள் தனித்தனியாக வந்து கூடுவது என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தார். அப்போது ஆற்றைக் கடப்பதில் சிரமம் இல்லை. ஆனால் மாலையாகிவிட்டது, ஆட்கள் களைத்திருந்தார்கள். வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் தொடக்கம் வரை, ஒரு வாரத்துக்கும் மேல், படை கரையிலேயே கிடந்தது. மணலாகக் கிடக்கும் ஆறு மேற்கே பெய்த மழைக்கு ஒரே இரவில் கரை தொடும் என்பது திருவள்ளூர்ப் பக்கத்து மாடு மேய்ப்பவருக்குத் தெரிந்த செய்தி. பெய்லிக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, அல்லது சொன்னவரைக் கேட்கும் வழக்கம் இல்லை.

அந்த இடைவெளியில் ஹைதரின் மகன் திப்பு தன் குதிரைப் படையோடு வந்து சேர்ந்தார். செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கம் அருகே பெய்லியைத் தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் இனித் தனியாக முன்னேற முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்குச் செய்தி அனுப்பினார். மன்றோ இருபது கிலோமீட்டர் சொச்சம் தொலைவில் இருந்தார். ஆனால் அவருடைய அரிசி இருப்பு முழுவதும் காஞ்சியில் கிடந்தது. அதை விட்டுவிட்டுப் போனால் ஹைதர் எடுத்துக்கொள்வார். ஆகவே தான் போகாமல் ஆயிரம் பேரை ஃபிளெட்சர் தலைமையில் அனுப்பினார். அவர்கள் எதிரியின் கண்ணில் படாமல் சுற்றி வந்து 9-ஆம் தேதி பெய்லியோடு சேர்ந்தார்கள். அன்று இரவே கிளம்பிய படை, பாதி வழியில் விடியும்வரை நிற்கட்டும் என்று நிறுத்தப்பட்டது.

விடிந்ததும் ஹைதரின் முழுப் படையும் வந்துவிட்டது. மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் நான்கு பக்கமிருந்தும் சீறின. நடுவில் நின்ற வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லி சரணடைந்து, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். வெடிச் சத்தத்தைக் கேட்டும் புகையைப் பார்த்தும் நிலைமையை ஊகித்த மன்றோ காஞ்சிக்குத் திரும்பி, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

இதைப் பாடமாக வைத்தால் பெரும்பாலான வகுப்புகளில் ராக்கெட்தான் பேசுபொருளாகும். திப்புவின் ராக்கெட் பின்னாளில் இங்கிலாந்தில் ராக்கெட் செய்த காங்கிரீவின் கைக்குப் போனது, இன்றைய ஏவுகணைக்கு முன்னோடி என்று பெருமையோடு வகுப்பு முடியும். அதுவும் ஒரு பரணிதான். அதிகாரி கேட்க வேண்டியவை வேறு. சேரும் இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது மன்றோ எதை அஞ்சினார்? அரிசி மூட்டைகள் எப்போது ஒரு தளபதியின் காலில் விலங்காகின்றன? களைத்த ஆட்களை இன்னும் ஒரு மணி நேரம் நடக்கவைத்து ஆற்றைக் கடப்பதா, ஓய்வு கொடுப்பதா? இக்கேள்விகளுக்குத் தேதி இல்லை. 2022 பிப்ரவரி இறுதியில் கீவ் நகரை நோக்கிச் சென்ற ரஷ்ய வாகன வரிசை, 64 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையில் நின்றுபோனதைச் செயற்கைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது. ட்ரோன் காலத்தில் பழைய போர்களைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டலாம். சாலையை விட்டு இறங்க முடியாத படை, பின்னால் வந்து சேராத எரிபொருள், எதிரி எதிர்க்க மாட்டான் என்ற நம்பிக்கை. இந்த மூன்றையும் எந்த ட்ரோனும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஹைதரையும் விட்டுவிடக் கூடாது. மன்றோவின் படை கலங்கிப் பின்வாங்கியபோது அதைத் துரத்தி முடிக்காமல் ஆற்காட்டு முற்றுகைக்குத் திரும்பிப் போனார். மறு ஆண்டு தளபதி கூட் என்பவர் தலைமையில் கம்பெனிப் படை மீண்டு எழுந்ததற்கு அந்த முடிவும் காரணம் என்பது என் கணிப்பு. இன்று புல்லலூர் வயல்களுக்கு நடுவே இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவைகூட 1781-இல் அங்கே நடந்த இரண்டாம் சண்டையில் இறந்த கம்பெனி அதிகாரிகளுக்காக எழுப்பியவை.

4. ஒரே பாடநூல், இரண்டு மாணவர்கள்

வென்றவன் வரலாற்றிலிருந்து கற்பது குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைச் சோதித்துப் பார்க்க 1942 பர்மாவைப் போல வேறு களம் இல்லை.

அந்த ஆண்டு பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் பின்வாங்கினார். ஜப்பானியர் காட்டுக்குள் சுற்றிவந்து பின்னால் சாலையை மறிப்பார்கள்; மறித்ததும் பிரிட்டிஷ் இந்தியப் படை வாகனங்களை விட்டுவிட்டு ஓடும். திரும்பத் திரும்ப இதே கதை. அந்தப் பின்வாங்கலின் நடுவே ஸ்லிம் ஒரு சீனத் தளபதியைப் பார்த்துப் பேசினார். சாங்ஷாவில் ஜப்பானியரைத் தோற்கடித்த படையில் இருந்தவர் அவர். ஜப்பானியர் ஒன்பது நாள் அளவுக்குத்தான் உணவும் குண்டும் சுமந்து வருகிறார்கள். அத்தனை நாள் தாக்குப்பிடித்து, உங்கள் கிடங்கை அவர்கள் கையில் விடாமல் காத்து, பிறகு திருப்பி அடித்தால் நொறுங்கிவிடுவார்கள் என்று அவர் சொன்னதை ஸ்லிம் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். அடுத்த இரண்டு ஆண்டுத் திட்டங்களுக்கு அதுவே அடித்தளம் ஆயிற்று. சூழப்பட்டால் ஓடாதே, அங்கேயே நில், வானிலிருந்து ரேஷன் வரும். 1944 பிப்ரவரியில் அரக்கானில், நிர்வாகப் பிரிவினர் இருந்த ஒரு வயல்வெளியில் ஏழாம் இந்திய டிவிஷன் அப்படி நின்றது. எழுத்தர்களும் கோவேறு கழுதை ஓட்டிகளும்கூடத் துப்பாக்கி எடுத்தார்கள். மூன்று வாரத்தில் ஜப்பானியர் பசித்துப் பின்வாங்கினார்கள்.

மறுபக்கம் முத்தகுச்சி ரென்யா. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு டிவிஷனை நடத்தி வென்றவர். அங்கே பிரிட்டிஷார் விட்டு ஓடிய கிடங்குகளை ஜப்பானியச் சிப்பாய்கள் 'சர்ச்சில் சரக்கு' என்று கிண்டல் செய்தபடி தின்றார்கள். முத்தகுச்சி 1942-இல் கற்றது இதைத்தான்: எதிரி ஓடுவான், அவன் சோறு நமக்குக் கிடைக்கும். 1944 மார்ச்சில் மூன்று டிவிஷன்களை மூன்று வார உணவோடு இம்பாலுக்கு அனுப்பினார். போதாததற்கு வரலாற்றிலிருந்தே ஒரு யோசனையையும் கடன் வாங்கினார். செங்கிஸ்கானின் படைபோல மந்தை மந்தையாக மாடுகளை ஓட்டிச் செல்வது. அவை சுமையும் சுமக்கும், பிறகு உணவும் ஆகும். மங்கோலியப் புல்வெளியில் மந்தை நடக்கும். சிந்த்வின் ஆற்றிலும் நாகா மலையின் செங்குத்துப் பாதையிலும் மாடுகள் மூழ்கியும் சரிந்தும் செத்தன. கோகிமாவில் இருந்த டிவிஷன் தளபதி சாட்டோ, அரிசி வராததால் மேலிடத்து ஆணையை மீறிப் பின்வாங்கினார். இம்பாலுக்குப் போன ஜப்பானியப் படையில் பாதிக்கு மேல் இறந்தோ காயமுற்றோ நோயுற்றோ வீழ்ந்தது; பசியும் நோயும் குண்டைவிட அதிகம் கொன்றன.

இருவரும் படித்தது ஒரே ஆண்டு, ஒரே போர். செங்கிஸ்கானைப் படித்திருந்தும் முத்தகுச்சிக்கு அது உதவவில்லை, ஏனென்றால் புல் எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஹோவர்ட் சூழல் என்று சொன்னது இந்தப் புல்லைத்தான். ஸ்லிமும் தெய்வம் அல்லர். கோகிமாவுக்கு எதிரி ஒரு ரெஜிமென்டைத்தான் அனுப்புவான் என்று கணித்தார். முழு டிவிஷன் வந்தது. அந்தத் தவற்றைத் தன் நூலில் தானே எழுதி ஒப்புக்கொண்டார். அவர் நூலை இன்றும் படிக்கத் தகுந்ததாக ஆக்குவது அந்த ஒப்புதல்தான்.

ஸ்லிம் குவெட்டா ஸ்டாஃப் காலேஜில் படித்தவர். பிரிவினைக்குப் பிறகு அக்கல்லூரியின் இந்தியப் பகுதிதான் 1947-இல் நீலகிரியின் வெலிங்டனுக்கு வந்தது.

5. மேய்ப்பர்கள் பார்த்தார்கள்

1947 அக்டோபர், 1965 ஆகஸ்ட், 1999 மே. மூன்று முறை காஷ்மீருக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் வந்தார்கள். மூன்று முறையும் பாகிஸ்தான், இவர்கள் எங்கள் படையினர் அல்லர் என்றது. மூன்று முறையும் இந்தியா திடுக்கிட்டது.

1965 ஆகஸ்டில் குல்மார்க் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முகமது தீன் என்ற இளைஞரிடம், பச்சைச் சல்வார் அணிந்த இருவர் பணம் கொடுத்துச் செய்தி கேட்டார்கள். அவர் நேராகக் காவல்நிலையத்துக்குப் போனார். 1999 மே மாதத் தொடக்கத்தில் கார்கோன் ஊரின் தாஷி நம்கியால், காணாமல்போன தன் யாக்கைத் தேடி மலையேறியபோது அந்நியர்கள் பதுங்குகுழி தோண்டுவதைப் பார்த்தார். அவரும் போய்ச் சொன்னார். முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளி; இரண்டு தடவையும் முதல் தகவல் மேய்ப்பரிடமிருந்து வந்தது. உளவுத் துறையும் படைத் தலைமையும் 1965-இன் கோப்பை எடுத்துப் படித்திருந்தால், பனிக்காலத்தில் காவல்நிலைகளைக் காலி செய்து இறங்கும் மலைகளை யாரேனும் எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

எதிர்த்தரப்பின் பிழை இன்னும் பெரிது. 1965-இல் 'ஜிப்ரால்டர்' திட்டத்தை வகுத்தவர்கள் இரண்டை நம்பினார்கள்: காஷ்மீர் மக்கள் எழுவார்கள், இந்தியா சர்வதேச எல்லையைத் தாண்டாது. மக்கள் எழவில்லை. செப்டம்பர் 6 அன்று இந்தியப் படை லாகூரை நோக்கி நடந்தது. 1999-இல் நிலைமையில் ஒரு மாற்றம், இருதரப்பிலும் அணுகுண்டு. அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, சிகரங்களைப் பிடித்துவிட்டால் இந்தியா விழுங்கிக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இந்தியா கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டவில்லைதான். ஆனால் விமானப் படையையும் பெரும் பீரங்கிகளையும் கொண்டுவந்து சிகரம் சிகரமாக மீட்டது. 'முஜாஹிதீன்கள்' என்று சொல்லப்பட்டவர்கள் பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படையின் சிப்பாய்கள் என்பதும் வெளிவந்தது.

கவனிக்க வேண்டியது இது. கார்கில் திட்டத்தின் தலைவர் பர்வேஸ் முஷரஃப் 1965 போரில் இளம் பீரங்கிப்படை அதிகாரியாகச் சண்டையிட்டவர். போரில் இருந்தவர், அதைப் படித்தவர் ஆகிவிட மாட்டார். தன் பீரங்கிக்கு முன்னால் இருந்த நானூறு கெஜம்தான் லெப்டினன்டுக்குத் தெரியும். 1965-இன் திட்டம் ராவல்பிண்டியில் ஏன் பிசகியது என்பதைக் காகிதத்தில்தான் கற்க முடியும். பட்டறிவு இருப்பதாலேயே படிப்பு தேவையில்லை என்று நினைக்கும் மூத்த அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு.

6. படித்தும் கெட்டவர்கள்

வரலாற்றைப் படிக்காதவரைவிட ஒரே ஒரு போரைக் காதலித்துவிட்டவர் ஆபத்தானவர். ஜெர்மானியத் தளபதி ஷ்லீஃபெனுக்கு அந்தக் காதல் கி.மு. 216-இன் கன்னே. அங்கே ஹானிபல் தன்னைவிடப் பெரிய ரோமப் படையை இருபுறமும் வளைத்து அழித்தார். பிரான்சை வளைத்து முடிக்கும் 1905-ஆம் ஆண்டு வரைவை எழுதிய ஷ்லீஃபென், ஓய்வு பெற்ற பிறகும் கன்னேயைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். ஹானிபல் கன்னேயில் வென்றும் கி.மு. 202-இல் சாமாவில் தோற்றார், ரோம் பிழைத்தது, கார்த்தேஜ் பணிந்தது என்ற மறுபக்கம் அந்தக் காதலுக்கு ஒவ்வவில்லை. 1914 செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மன் வளையம் அறுந்தது. அவருக்குப் பின்வந்தவர்கள் திட்டத்தை மாற்றியதுதான் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. நடந்து நடந்து காலணி தேய்ந்த சிப்பாய்களைப் பார்த்தால் அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை.

நம் நாட்டு நோய் வேறு வகை. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் நுழைவுத் தேர்வில் போர் வரலாறு ஒரு தாள். குறிப்பிட்ட படையெடுப்புகள் பாடத்திட்டத்தில் வரும். படையணி வாழ்க்கையின் நெருக்கடிக்கு இடையே படிக்கும் மேஜர் என்ன செய்வார்? யாரோ தயாரித்த குறிப்பை வாங்கி, தளபதியின் ஐந்து தவறுகள், வெற்றிக்கு ஆறு காரணங்கள் என்று மனப்பாடம் செய்வார். தேர்வு முடிந்ததும் அது போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது; அப்படித்தான் கேள்வி கேட்கிறார்கள்.

பிரஷ்யப் போர்ச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ் இதற்கு மாற்று சொன்னார். அன்றைய தளபதிக்குத் தெரிந்ததை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முடிவு தெரியாதவராக அவர் இடத்தில் உட்கார்ந்து பார் என்றார். மணல் மாதிரியைச் சுற்றி அதிகாரிகள் நிற்கும் வழக்கம் எல்லா ரெஜிமென்டிலும் இருக்கிறது. அதில் 1780 செப்டம்பர் 6 மாலையை அமைக்கலாம். ஒருவருக்குப் பெய்லியின் கடிதம். ஒருவருக்கு மன்றோவின் அரிசிக் கணக்கு. ஹைதர் எங்கே என்று இருவருக்கும் தெரியாது. அரைமணி நேரத்தில் எழுத்தில் ஆணை கொடுக்க வேண்டும். நடந்ததை அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டும்.

7. பூட்டிய அலமாரி

இந்த முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அன்றைய கடிதங்களும் ஆணைகளும் கையில் இருக்க வேண்டும். 1780-க்கு அவை இருக்கின்றன. கம்பெனி எழுதிக் குவித்து வைத்தது. 1962 சீனப் போருக்கு?

நாம்கா சூ ஒரு சிற்றாறு. அதற்கு மேலே தாக்லா முகடு. 1962 அக்டோபரில் ஏழாம் பிரிகேட் அந்த ஆற்றங்கரையில், மேலே இருக்கும் எதிரி குனிந்து பார்த்தால் தெரியும் பள்ளத்தில், நிறுத்தப்பட்டது. பருத்திச் சீருடையில் வந்த சிப்பாய்கள் மரக்கட்டைப் பாலங்களைக் காவல் காத்தார்கள். தலைக்கு ஐம்பது தோட்டா. சீனர்களை அந்த முகட்டிலிருந்து விரட்ட வேண்டும் என்பது டெல்லியின் விருப்பம். சீனர் பெரிதாகத் தாக்க மாட்டார்கள் என்பது டெல்லியின் நம்பிக்கை. அக்டோபர் 20 விடியலில் தாக்கினார்கள். சில மணி நேரத்தில் பிரிகேட் சிதறியது. அதன் தலைவர் ஜான் டால்வி இரண்டு நாள் கழித்துச் சிறைப்பட்டார்.

யார் பிழை? கோர் படைத் தளபதி கௌல் 1967-இல் தன் நூலை எழுதினார். டால்வி 1969-இல் எழுதினார். உளவுத் துறைத் தலைவர் முல்லிக் 1971-இல் எழுதினார். அன்று படை நடவடிக்கைப் பிரிவின் இயக்குநராக இருந்த பாலித் 1991-இல் எழுதினார். நால்வரும் அவரவர் நின்ற இடத்திலிருந்து எழுதினார்கள். நால்வரின் சுட்டுவிரலும் வேறு வேறு திசையில் நீள்கிறது. காசக்குடியும் ஐஹொளேயும் மாதிரிதான். இவற்றை உரசிப் பார்க்கும் கல் ஒன்று உண்டு. போர் முடிந்த கையோடு ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் என்ற இரு அதிகாரிகளிடம் ராணுவம் விசாரணையை ஒப்படைத்தது. 1963-இல் அறிக்கை வந்தது. படைத் தலைமையகத்துக்குள் அது முழுதாகப் புகவில்லை என்பது அதன் குறை என்பார்கள். அந்தக் குறையையும் படித்துப் பார்த்தால்தானே எடை போட முடியும்? 2014-இல் நெவில் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அதில் ஒரு பகுதியைத் தன் இணையதளத்தில் வெளியிட்டார். நம் அதிகாரிகள் தம் படையின் மிகப் பெரிய தோல்வியை ஒரு வெளிநாட்டவர் போட்ட அரைகுறைப் படியில் படிக்கிறார்கள்.

இதை மாற்ற முடியாது என்பதில்லை. கார்கில் போர் முடிந்த மூன்றாம் நாள், 1999 ஜூலை 29 அன்று, அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். ஐந்து மாதத்துக்குள் அறிக்கை தயாரானது. சில பகுதிகளை மறைத்துவிட்டு 2000-இல் நாடாளுமன்றத்தில் வைத்து நூலாகவும் வெளியிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்ற பேச்சு அந்த வழியில் வலுப்பெற்று, இருபது ஆண்டு இழுத்து, 2020 ஜனவரியில் பதவியாகவும் ஆனது. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது: போர் ஆவணங்கள் சாதாரணமாக இருபத்தைந்து ஆண்டுகளில் திறக்கப்பட வேண்டும், ஒரு போர் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அதன் வரலாறு தொகுக்கப்பட வேண்டும்.

அந்த இருபத்தைந்து ஆண்டுக் கணக்குப்படி 1962-இன் ஆவணங்கள் 1987-இல் திறந்திருக்க வேண்டியவை. ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. நாம்கா சூ கரையில் துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் மிக இளைய சிப்பாய்க்கும் இப்போது எண்பது வயது ஆகியிருக்கும்.